வீட்டிற்கு என்ன விலை கேட்பது?



தமிழில் ‘விலை கேட்டல்’ என்னும் தொடர் சற்று விந்தையானது. விற்பவர் எண்பது இலட்சம் கேட்கிறார் என்கிறோம். வாங்க வந்தவர் எழுபது இலட்சத்திற்குக் கேட்டார் என்றும் சொல்கிறோம். பொருளின் விலை யாது என்று வினவுவதும் விலை கேட்பதே. ஒரே வினைச்சொல் மூன்று வேலை செய்கிறது. வகுப்பில் இதனைச் சொன்னால் மாணவர்கள் நகைப்பார்கள். வீடு வாங்கப் புறப்பட்ட குடும்பத்தாருக்கோ இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. விலை யாது என்று வினவுவது எவர்க்கும் எளிது. ஒரு தொகையைத் தாமே சொல்லி, இத்தொகைக்குத் தருகிறீர்களா என்று கேட்பதுதான் கடினம். அத்தொகையை எவ்வாறு முடிவு செய்வது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் வசிக்கும் பீர்க்கன்கரணை, தாம்பரத்திற்கும் பெருங்களத்தூருக்கும் இடையே, சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊர். ஏரியும் வயலுமாக இருந்த பகுதி. 1931 ஆம் ஆண்டில் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937 இல் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. அக்காலத்தில் தொடங்கிய குடியேற்றம் தாம்பரத்தை நிரப்பி, இரும்புலியூரை நிரப்பி, எங்கள் ஊரையும் நிரப்பிற்று. பேரூராட்சியாக இருந்த பீர்க்கன்கரணை, 2021 நவம்பரில் புதிய தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாயிற்று. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பெரிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் எங்கள் பக்கத்து வீட்டுத் தரகர்கள் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ இரயிலை நீட்டிக்கும் திட்டம் அவர்களுடைய மூன்றாவது பாடம். வரவிருக்கும் வசதி எதுவாயினும், அதன் பயனை விற்பவர் தம் விலையில் முன்னரே ஏற்றிவிடுகிறார். வந்துவிட்ட பேருந்து நிலையத்திற்கு விலை தரலாம். இனி வரவேண்டிய இரயிலுக்கு இன்றே முழு விலை தருவானேன்?

விற்பவர் சொல்லும் தொகைக்கு ஒரு மாயம் உண்டு. அது காதில் விழுந்த கணமே, நம் மனம் அதனைச் சுற்றியே வட்டமிடத் தொடங்கிவிடுகிறது. தொண்ணூறு என்றால் எண்பத்தைந்துக்குக் கேட்கலாமா என்று எண்ணுகிறோம். நூறு என்றிருந்தால் அதே வீட்டைத் தொண்ணூற்றைந்துக்குக் கேட்டிருப்போம். வீடு மாறவில்லை, காதில் விழுந்த எண் மாறியது. அமெரிக்க நாட்டில், அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில், நார்த்கிராஃப்ட், நீல் என்னும் இரு அறிஞர்கள் இதனைச் சோதித்து 1987 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மாணவர் சிலரையும், வீடு விற்பனையையே தொழிலாகக் கொண்ட தரகர் சிலரையும் ஒரு வீட்டிற்கு அழைத்துச் சென்று, அவ்வீட்டைப் பற்றிய விவரங்கள் யாவற்றையும் கையில் கொடுத்து, மதிப்பிடச் சொன்னார்கள். எல்லார்க்கும் ஒரே வீடு, ஒரே விவரம். விற்பவர் கேட்கும் விலை என்று தாளில் அச்சிட்டிருந்த எண் ஒன்றை மட்டும் ஆளுக்கு ஆள் கூட்டியும் குறைத்தும் வைத்திருந்தார்கள். எண் கூடியவர் கூடுதலாகவும், குறைந்தவர் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். பழுத்த தரகர்களும் இதற்கு விலக்கல்லர். அதனினும் சுவையான செய்தி, நாங்கள் அந்த எண்ணைப் பொருட்படுத்தவே இல்லை என்று அத்தரகர்களிற் பெரும்பாலோர் உறுதியாகச் சொன்னதுதான்.

ஆதலால், கேட்கும் விலையிலிருந்து கீழே இறங்கி வருவது முறையாகாது. தரையிலிருந்து மேலே ஏறிச் செல்லவேண்டும் என்பது என் கருத்து. எத்தனை சதவிகிதம் குறைத்துக் கேட்கலாம் என்று பலர் என்னை வினவுவதுண்டு. அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. நியாயமான விலையைச் சொன்னவரிடம் பத்து சதவிகிதம் குறைத்துக் கேட்பது அவமதிப்பு. முப்பது சதவிகிதம் ஏற்றிச் சொன்னவரிடம் பத்து சதவிகிதம் குறைத்துக் கேட்பது ஏமாளித்தனம்.

கணக்கைக் கணக்காகவே காண்போம். என்னிடம் படித்து, இன்று ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகப் பணியாற்றும் அன்பர் ஒருவர், எங்கள் பகுதியில் ஒரு பழைய தனி வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, “ஐயா, எவ்வளவுக்குக் கேட்கலாம்?” என்றார். அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டு எண்களைச் சற்றே மாற்றிச் சொல்கிறேன். மனை 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு. அதன்மேல் 850 சதுர அடியில் 25 ஆண்டுகளுக்கு முன் கட்டிய ஓட்டமற்ற மாடி வீடு. விற்பவர் கேட்டது 82 இலட்சம். அந்த 82 ஐ ஒரு தாளில் எழுதி மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிடச் சொன்னேன்.

முதலில் மனையின் விலை. அக்கம்பக்கத்தில் அண்மையில் கைமாறிய மனைகளுக்கு உண்மையில் என்ன கொடுத்தார்கள் என்பதே இதற்கு அடிப்படை. பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தைப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு கிரயப் பத்திரத்திற்கும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என இரண்டு எண்கள் காணப்படும். இவற்றைக் கண்டு உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. பத்திரங்கள் பலவற்றில் அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே தொகை எழுதப்படுவது நாடறிந்த வழக்கம். ஆகவே அந்த எண்ணை அடித்தளமாகக் கொண்டு, மீதியை மனிதரிடம் கேட்டறிய வேண்டும். அண்மையில் வாங்கியவர் மறைப்பார். சற்று முன்னர் விற்றுச் சென்றவர் மறைக்கமாட்டார். கட்டட மேஸ்திரி, மின்பணியாளர், தெருமுனையில் துணி தேய்ப்பவர் ஆகியோர் அறியாத விலை தெருவில் இல்லை. வங்கிக்கு மதிப்பீடு செய்து கொடுக்கும் பொறியாளர் ஒருவரைப் பழக்கம் இருந்தால் அவர் சொல்லும் எண்ணுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

அன்பர் மூன்று கிரயங்களை விசாரித்து வந்தார். இரண்டு, அதே தெருவில் சதுர அடி 5,500, 5,700 என முடிந்தவை. மூன்றாவது பேருந்து செல்லும் சாலையில் 6,500. சாலையோர மனையை நீக்கிவிட்டு, முன்னைய இரண்டின் சராசரியாக 5,600 ஐக் கொண்டோம். மனைக்கு 67 இலட்சத்து 20 ஆயிரம் ஆயிற்று.

அடுத்து, கட்டடம். இன்று அதே தரத்தில் கட்ட, சதுர அடிக்கு 2,200 ஆகும் என்று மேஸ்திரி சொன்னார். 850 சதுர அடிக்கு 18 இலட்சத்து 70 ஆயிரம். அறுபது ஆண்டு ஆயுள் என்று வைத்து, 25 ஆண்டு கழிந்தமையால், எஞ்சியது பன்னிரண்டில் ஏழு பங்கு. ஏறத்தாழ 10 இலட்சத்து 90 ஆயிரம். விற்பவர்கள் இந்த இடத்தில்தான் வருந்துவார்கள். தாம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டிற்குப் பத்து இலட்சமா என்பார்கள். அவர்கள் மனம் நோகாமல் சொல்லவேண்டிய உண்மை, நிலம் வயது ஏற ஏற விலை ஏறுகிறது, செங்கல்லும் கம்பியும் அவ்வாறில்லை என்பதே. மொத்தம் 78 இலட்சத்து 10 ஆயிரம். மேல்தளக் கசிவையும் பழைய மின்கம்பிகளையும் சீர்செய்ய மூன்றரை இலட்சம் என்று கணக்கிட்டுக் கழித்தோம். நின்றது 74 இலட்சத்து 60 ஆயிரம்.

இனி நீரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பகுதியில் வீட்டு விலையைப் பற்றிப் பேசிவிட்டு நீரைப் பற்றிப் பேசாதிருப்பது, இராமாயணம் சொல்லிவிட்டு இலங்கையை விட்டுவிடுவதைப் போன்றது. 2015 டிசம்பர் 2 ஆம் நாள் காலை வரையிலான இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரைத் தாங்கிவரும் அடையாறு கரைமீறி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்கள் படகில் மீட்கப்பட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பெருங்களத்தூரை அடுத்த நெடுங்குன்றம் பகுதியில் முதலை ஒன்று சாலையைக் கடந்து சென்ற காட்சியை அப்போது ஊரே கண்டது. முதலை ஒருமுறை வந்து போகும். நீர் ஆண்டுதோறும் தன் பழைய வழியைத் தேடி வரும்.

இப்பகுதியின் நிலம் ஏரிகளின் நிலம். பீர்க்கன்கரணையில் ஏரி, இரும்புலியூரில் ஏரி, பெருங்களத்தூரில் ஏரி. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக நீர் வழிந்து கால்வாயில் ஓடி அடுத்த ஏரியை நாடுவது நம் முன்னோர் அமைத்த முறை. மதகின் கீழே இருந்த வயல்களே இன்று பல நகர்களாக மாறியிருக்கின்றன. வீடு வாங்குவோர் மூலப்பத்திரத்தைத் தேடிப் படிக்கவேண்டும் என்று வழக்கறிஞர்கள் உரிமைக்காகச் சொல்வார்கள். நான் வேறொரு காரணத்திற்காகச் சொல்கிறேன். அந்நிலம் ஒரு காலத்தில் நஞ்சையா, புஞ்சையா என்பது அதில் எழுதியிருக்கும். நஞ்சை என்றால், ஏரிநீர் தானாகவே பாய்ந்து சேருமளவுக்குத் தாழ்ந்த நிலம் என்று பொருள். தெருவுக்கு எத்தனை அழகிய பெயர் சூட்டினாலும் நீருக்கு அந்தப் பெயர் தெரியாது.

பிறகு கண்ணால் காணவேண்டியவை. சுற்றுச்சுவரின் உட்புறத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பழுப்புக் கோடு ஒன்று ஓடுகிறதா? கதவு நிலைகளின் அடிப்பகுதி மட்டும் புதிதாக இருக்கிறதா? மின்விசைப் பலகைகள் வழக்கத்திற்கு மாறாக உயரத்தில் இருக்கின்றனவா? அண்மையில் வெள்ளையடித்த வீட்டைக் காட்டிலும் அதற்கு அடுத்த வீட்டின் சுவர் உண்மையைச் சொல்லும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்று பார்ப்பது உத்தமம். சித்திரையில் வீடு பார்ப்பவர்களுக்கு எல்லாத் தெருக்களும் மேட்டுத் தெருக்களே.

இன்னொன்று, சாலையின் உயரம். புறநகர்களில் பழைய தாரின்மேலேயே புதுத் தாரை இட்டு இட்டுச் சாலைகள் உயர்ந்தன. வாயிற்படிகள் பள்ளத்தில் நின்றன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிதாக இடவேண்டும் என்று 2021 இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். அதற்குள் தாழ்ந்துபோன வீடுகள் தாழ்ந்தவையே. இப்போது, வீட்டின் அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்து, கட்டடத்தை அப்படியே மூன்றடி நான்கடி உயர்த்தும் தொழில் ஒன்று சென்னைப் புறநகர்களில் நடைபெற்று வருகிறது. சுவர் பிளவாமல் வீடு மேலெழுவதைக் காண வியப்பாக இருக்கும். வியப்புக்கும் விலை உண்டு. உயர்த்தும் கூலி, புதுத் தரை, புதுப் படிகள், கழிவுநீர்க் குழாய்களை மாற்றுதல் என எல்லாம் சேர வேண்டும்.

அன்பர் பார்த்த வீட்டில் 2015 இல் முழங்கால் அளவு நீர் புகுந்திருந்தது. தரை இப்போது சாலையைவிட அரை அடி கீழே. இங்கே ஒரு நுட்பமான வினா எழுகிறது. வெள்ளத்திற்காக எவ்வளவு கழிப்பது? அன்பர் ஒரேயடியாகப் பத்து இலட்சம் கழிக்க எண்ணினார். அது தவறு என்று சொன்னேன். நாம் எடுத்துக்கொண்ட இரண்டு கிரயங்களும் அதே தெருவைச் சேர்ந்தவை. அவற்றை வாங்கியவர்களும் வெள்ளத்தை அறிந்தே வாங்கினார்கள். அந்த 5,600 இல் வெள்ளத்தின் குறை ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதனை இரண்டாம் முறை கழிப்பது முறையன்று. இந்த வீட்டிற்கே உரிய குறை, அது சாலைக்குக் கீழே நிற்பது ஒன்றுதான். அதனை உயர்த்த எல்லாம் சேர்த்து ஐந்து இலட்சம் ஆகும் என்று வேலைக்காரர்கள் எழுதிக்கொடுத்தார்கள். அதைக் கழித்தோம். 69 இலட்சத்து 60 ஆயிரம் நின்றது. ஒருவேளை சாலையோர மேட்டு மனைகளை ஒப்பிட்டிருந்தால், அப்போது வெள்ளத்திற்குத் தனியாகக் கழித்திருக்க வேண்டும்.

கழிக்க வேண்டியவற்றில் மற்றொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், 2017 இல் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்ததும் பலர்க்கு நினைவிருக்கும். வரன்முறை செய்யப்பட்டதா, அதற்கான ஆணை கையில் உண்டா என்று பார்க்காமல் விலை பேசவே கூடாது. இந்த வீட்டிற்கு அது இருந்தது.

மதிப்பு ஒருபுறம் இருக்க, நம் சக்தி என்ன என்பது மறுபுறம். இவை இரண்டும் வெவ்வேறு. 30 இலட்சத்திற்கு மேல் 75 இலட்சம் வரையிலான வீட்டுக்கடனில், சொத்து மதிப்பில் 80 சதவிகிதத்திற்கு மேல் வங்கிகள் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முத்திரைச் செலவை அந்த மதிப்பில் சேர்ப்பதில்லை. நம் மாநிலத்தில் கிரயப் பத்திரத்திற்கு, சொத்து மாற்றுத் தீர்வை உட்பட முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், ஆக 9 சதவிகிதம். வீடு 71 இலட்சத்திற்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதிகமாகக் கொடுத்தால் 56 இலட்சத்து 80 ஆயிரம். மீதி 14 இலட்சத்து 20 ஆயிரம்தானே, கையில் உள்ளது என்று மகிழ்வோர் உண்டு. பதிவுச் செலவு 6 இலட்சத்து 39 ஆயிரம், சீர்செய்ய மூன்றரை இலட்சம், உயர்த்த ஐந்து இலட்சம், தரகு ஒரு சதவிகிதமாயின் 71 ஆயிரம். கூட்டிப் பாருங்கள், கையில் வேண்டியது ஏறத்தாழ 30 இலட்சம். கடனுக்கு எட்டரை சதவிகித வட்டி, இருபது ஆண்டுத் தவணை என்றால், இலட்சத்திற்கு மாதம் சுமார் 868 ரூபாய் வீதம், மாதந்தோறும் 49 ஆயிரத்திற்கு மேல் கட்டவேண்டும். பேரத்தின் இறுதியில் தரகர், ஒரு இலட்சம்தானே, விட்டுக்கொடுங்கள் என்பார். கடனாக வாங்கும் அந்த ஒரு இலட்சம், இருபது ஆண்டுகளில் இரண்டு இலட்சத்து எட்டாயிரமாகிறது. பதிவுச் செலவு ஒன்பதாயிரம் தனி.

இத்தனையும் ஆன பிறகு ஒரு தாளில் இரண்டு தொகைகளை எழுதவேண்டும். ஒன்று, இதற்கு மேல் ஏறமாட்டோம் என்னும் உச்ச வரம்பு. மற்றொன்று, முதலிற் சொல்லும் தொகை. உச்ச வரம்பில் நம் விருப்பத்திற்கும் சிறிது இடம் தரலாம். அன்பரின் தாயார் அடுத்த தெருவில் வசிக்கிறார். பிள்ளைகளின் பள்ளி நடைதூரம். அதற்காக ஒன்றரை இலட்சத்திற்குச் சற்றுக் குறைவாகக் கூட்டி 71 இலட்சத்தை வரம்பாக்கினார். முதற்கேள்வியாக 66 இலட்சத்து 50 ஆயிரம் என்று எழுதினார். காரணம் சொல்லக்கூடிய தொகையாக அது இருக்கவேண்டும் என்பதே நான் சொன்ன ஒரே நிபந்தனை. இன்ன கிரயங்கள், இவ்வளவு பழுது, இவ்வளவு உயர்த்தும் செலவு என்று தாளை எதிரே வைத்துப் பேசினால், குறைந்த தொகையும் விற்பவரைப் புண்படுத்துவதில்லை. காரணமின்றி ‘ஐம்பதுக்குத் தருகிறீர்களா?’ என்று எறிந்து பார்ப்பவரோடு மறுமுறை பேச யாருக்கும் மனம் வராது.

உச்ச வரம்பு எழுதிய தாளைத் தரகர் காணலாகாது. நம் மாட்டுச் சந்தைகளில் தோள்துண்டால் கைகளை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர் எவருக்கும் தொகை தெரியாது. வீட்டு வியாபாரத்தில் துண்டு இல்லை. இரு தரப்பாரின் விரல்களையும் ஒரே தரகர் பிடித்திருக்கிறார். தரகரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஒரு சதவிகிதத் தரகில், விலை ஓர் இலட்சம் இறங்கினால் அவருக்கு நட்டம் ஆயிரம் ரூபாய்தான். வியாபாரம் முறிந்தால் எழுபதாயிரம் போகும். ஆகவே விலை ஏறுவதைவிட, பேச்சு எப்படியாவது முடிவதையே அவர் விரும்புவார். இதனை அறிந்துகொண்டு அவரைப் பயன்படுத்தினால் நன்மையே உண்டு.

“வேறொரு பார்ட்டி இரண்டு இலட்சம் கூடுதலாகத் தர நிற்கிறார்” என்னும் செய்தி எப்பேரத்திலும் ஒருமுறை வரும். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் வீடு விற்கும் முறை கூறப்பட்டிருக்கிறது. உறவினர், அண்டை வீட்டார், கடன் கொடுத்தவர் என்னும் வரிசையில் வாங்கும் உரிமை. பக்கத்துக் குடும்பங்கள் நாற்பதின் முன்னிலையில் விலையை மும்முறை கூவி அறிவிக்கவேண்டும். வாங்குவோர் போட்டியிட்டு விலை ஏறினால், ஏறிய தொகை விற்பவருக்குச் சேராது. அரசின் கருவூலத்திற்குச் சேரும். அந்த விதி இன்று இருந்தால், இரண்டாவது பார்ட்டிகள் பலர் பிறந்திருக்கவே மாட்டார்கள் என்று நான் நினைப்பதுண்டு. மெய்யாகவே போட்டி இருந்தாலும் அஞ்சவேண்டியதில்லை. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் நிலங்களுக்கு ஏலம் கேட்ட நிறுவனங்கள் ஏன் எதிர்பார்த்த இலாபம் பெறவில்லை என்று கேப்பன், கிளாப், கேம்பல் என்னும் மூன்று பொறியாளர்கள் 1971 இல் ஆராய்ந்தார்கள். பலர் மதிப்பிடும் பொருளை, எல்லாரினும் மிகையாக மதிப்பிட்டவரே வெல்கிறார். ஆகவே வென்றவரே பெரும்பாலும் ஏமாந்தவர் என்று கண்டார்கள். வரம்புக்கு மேல் ஒருவர் கேட்டு வாங்கிச் சென்றால், அவர் நம்மினும் நன்கு அறிந்தவராகவும் இருக்கலாம், நம்மினும் குறைவாக அறிந்தவராகவும் இருக்கலாம். எப்படியாயினும் நம் தாளில் உள்ள எண் மாறவேண்டிய காரணம் இல்லை.

விற்பவரின் நெருக்கடியைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவச் செலவுக்காகவோ, கடன் நெருக்கியோ விற்பவர்கள் உண்டு. செய்தி தெரிந்ததும் சிலர் விலையைப் பாதியாக்கிக் கேட்பார்கள். அடிமாட்டு விலை என்று நம் மக்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். என் தாளில் எழுபது என்று கணக்கு வந்தபின், எதிரே இருப்பவரின் மகள் மருத்துவமனையில் இருக்கிறாள் என்பதால் அது ஐம்பதாக மாற நான் ஒப்பமாட்டேன். அத்தகையவர்க்கு வேண்டியது விரைவு. பதினைந்து நாளில் பெருந்தொகை முன்பணமாகக் கொடுக்கக் கூடியவர், அதற்கு ஈடாக ஓரிரு இலட்சம் குறைத்துக் கேட்பதில் பழுதில்லை. இருவருக்கும் அதில் பயன் உண்டு.

பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதிக்கொண்டு மீதியை ரொக்கமாகத் தாருங்கள் என்று கேட்பவர் இன்றும் இருக்கிறார்கள். பத்திரத்தில் இல்லாத தொகைக்கு வங்கி கடன் தராது. நாளை நாம் விற்கும்போது, குறைத்து எழுதிய விலையே நம் அடக்கவிலையாகக் கொள்ளப்பட்டு, இல்லாத இலாபத்திற்கும் வரி கட்ட நேரும். 2015 ஜூன் முதல், சொத்துக் கிரயத்திற்கான முன்பணத்தில் இருபதாயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதே சட்டப்படி தடை. இப்பேச்சு எழுந்தால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வருவதே நல்லது.

அன்பரின் பேரம் மூன்று வாரம் நடந்தது. 66 இலட்சத்து 50 ஆயிரம் கேட்டார். விற்பவர் தம் 82 ஐ 76 ஆக்கினார். இவர் 69 என்றார். அவர் 73 இல் நின்றுவிட்டார். இருவரும் பத்து நாள் பேசவில்லை. பின்னர்தான், விற்பவர் கோயம்புத்தூரில் உள்ள மகனிடம் செல்லப் போகிறார் என்பதும், உடன் வாழும் பேத்தியின் பொதுத்தேர்வு முடியும்வரை வீட்டை விட இயலாது என்பதும் தெரியவந்தன. வேறு வீடு பார்த்து முன்பணம் கொடுத்து ஐந்து மாதத்திற்குக் குடிபோவது அவர்களுக்குப் பெருந்தொல்லை. பத்திரம் பதிவான பின்னும் வாடகையின்றி ஐந்து மாதம் அங்கேயே இருக்கலாம் என்று அன்பர் எழுதிக்கொடுக்க இசைந்தார். 71 இலட்சத்தில் முடிந்தது.

அச்சாரம் கொடுக்கும் நாளில் வெறும் வெற்றிலைபாக்கோடு நின்றுவிடாமல் கிரய ஒப்பந்தத்தையும் எழுதிப் பதிவு செய்தார்கள். மூன்று மாதத்திற்குள் கிரயம். பத்திரங்களில் குறை இருப்பதாக வழக்கறிஞர் கண்டால் முன்பணம் முழுவதும் திரும்பும். 50 இலட்சமும் அதற்கு மேலும் ஆகும் கிரயங்களில் வாங்குபவர் பிடித்து அரசுக்குச் செலுத்தவேண்டிய ஒரு சதவிகித வருமானவரி, 71 ஆயிரம் ரூபாய், விற்பவரின் தொகையிலிருந்தே கழியும். மின்விசிறிகள் நான்கு, நீரேற்றும் மோட்டார் ஒன்று, மேல்நிலைத் தொட்டி ஒன்று ஆகியவை வீட்டோடு சேரும் என்றும் எழுதினார்கள். கொல்லையில் நிற்கும் தென்னையின் காய்களை வீட்டை ஒப்படைக்கும் நாள்வரை விற்பவரே பறித்துக்கொள்வது என்று, விற்பவரின் மனைவி சொல்லி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள்.